செக் நாட்டுப் பழைய கோட்டைக்குள் துருப்பிடித்த இரும்பு: இது புனரமைப்பா, கெடுத்து வைத்ததா?

கேட்டவர் கட்டிடக்கலை மாணவர் என்று தெரிகிறது. செக் நாட்டில் இடிந்த மலைக்கோட்டை ஒன்றுக்குள் துருப்பிடித்த இரும்பில் படிகளும் பாலங்களும் வைத்து, மேலே கண்ணாடிக் கூரை போட்ட படத்தைப் பார்த்திருக்கிறார். இதைப் புனரமைப்பு என்று சொல்லலாமா, அங்கே இதையெல்லாம் தடுக்கச் சட்டம் கிடையாதா, வீடு, ஹோட்டல் உள்புறங்களையும் இப்படித்தான் செய்கிறார்களா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறார். எனக்கு இது ஒரே கேள்வியாகப் படுகிறது: ஒரு பழைய கட்டிடத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அந்த ஊரில் யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் துருப்பிடித்த இரும்பு சரியா தப்பா என்பது தானாக விளங்கும்.

முதலில் என் வரம்பைச் சொல்லிவிடுகிறேன். பழைய கட்டிடப் பாதுகாப்பில் மேற்படிப்பு முடித்து, ப்ர்னோ நகரில் ஒரு சின்ன அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். என் கைக்கு வந்தவை பெரும்பாலும் நகரத்து வீடுகள், அவற்றின் பூச்சு, தரை, மரவேலை. கோட்டையோ தொழிற்சாலையோ நான் செய்ததில்லை. அவற்றைப் பற்றிச் சொல்வது நேரில் போய்ப் பார்த்ததையும் வரைபடங்களைப் படித்ததையும் வைத்துத்தான். இரும்பின் பளு தாங்கும் கணக்கெல்லாம் என் துறை அல்ல.

நீங்கள் பார்த்தது நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் இருக்கும் ஹெல்ஃப்ஷ்டீன் கோட்டையாகத்தான் இருக்கும். அதன் அரண்மனைப் பகுதி 16ஆம் நூற்றாண்டின் மறுமலர்ச்சிக் காலத்தது. கூரை போய், பல தலைமுறைகளாக வெயிலும் பனியும் நேராக உள்ளே விழுந்து, சுவரின் தலைப்பகுதி உதிர ஆரம்பித்து, கடைசியில் பார்வையாளர்களை உள்ளே விடமுடியாத நிலைக்கு வந்துவிட்டது. சுவரின் தலைக்கு மட்டும் மூடி போட்டு, உதிர்வதை நிறுத்துவதுதான் முதலில் இருந்த எண்ணம். ஓலோமோட்ஸ் நகரத்து அட்டெலியர்-ஆர் அலுவலகம், அறைகளுக்கே கூரை போட்டுவிடலாம் என்றது. 2020இல் வேலை முடிந்தது. கண்ணாடிக் கூரைகளைச் சுவரின் உச்சிக்கு மேலே தூக்காமல் உள்ளே தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். அதனால் வெளியே நின்று பார்த்தால் அது இன்னமும் இடிபாடுதான். உள்ளே நுழைந்தால்தான் கோர்டென் எஃகில் நடைபாதையும் படிக்கட்டும், தேய்த்து மெருகேற்றிய கான்கிரீட் தரையும் தெரியும். புதிதாக வந்தவை மூன்றே பொருள்கள். பழைய கல் எதையும் அவை பாவனை செய்யவில்லை.

கோர்டென் எஃகை "துருப்பிடித்த இரும்பு" என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வகையில் சரிதான். செம்பு, குரோமியம் போன்றவை சிறிதளவு கலந்த எஃகு அது. மேலே படியும் துரு கெட்டியான படலமாக நின்று, அடியில் இருக்கும் உலோகத்தைப் பெருமளவு காப்பாற்றும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்துதான் அந்தப் படலம் உருவாகும். தண்ணீர் தேங்கினால் சாதாரண இரும்பு போலவே அரிக்கும். முதல் சில வருடங்களில் மழைத்தண்ணீர் அதன் மேல் ஓடிக் கீழே இருக்கும் கல்லில் காவிக்கறை படியும். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் இந்த எஃகைப் போடும்போது தண்ணீர் எந்த வழியாக வழியும் என்பதை வரைந்திருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். ஹெல்ஃப்ஷ்டீனில் இரும்பு பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1982 முதல் ஆண்டுதோறும் பல நாட்டுக் கொல்லர்கள் கூடி உலை வைத்துச் சம்மட்டி அடிக்கும் ஹெஃபாயிஸ்டோன் விழா அந்தக் கோட்டையில்தான் நடக்கிறது.

சரி, புதியது புதியதாகவே தெரிய வேண்டும் என்று யார் சொன்னது? 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொன்னது. தவிர்க்க முடியாமல் சேர்க்கும் எதுவும் பழையதிலிருந்து வேறுபட்டு, தன் காலத்தின் முத்திரையோடு இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் செக் நாட்டில் இந்தச் சண்டை அதற்கும் முந்தியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் யோசெஃப் மோக்கர் என்ற கட்டிடக்கலைஞர் கார்ல்ஷ்டெய்ன் கோட்டையை "இடைக்காலத்தில் எப்படி இருந்திருக்க வேண்டும்" என்ற தன் கற்பனைப்படி திருத்திக் கட்டினார். பிராக் போகிறவர்கள் எல்லாம் படம் எடுத்து வரும் அந்தக் கூர்மையான கூரைகளில் பலவும் மோக்கரின் கைவேலை. அதற்கு எதிர்ப்பக்கம் நின்றவர்களில் மாக்ஸ் த்வோர்ஷாக் முக்கியமானவர். இசையமைப்பாளர் அன்டோனின் த்வோர்ஷாக் அல்ல, அவர் வேறு. இவர் நாட்டின் மேற்குப் பகுதியான போஹீமியாவில் பிறந்து வியன்னாவில் பேராசிரியராக இருந்த கலை வரலாற்றாசிரியர். இருப்பதைக் காப்பாற்று, இல்லாததை இட்டுக்கட்டாதே என்பது அந்த வியன்னாச் சிந்தனையாளர்களின் போக்கு. இன்றைய செக் கட்டிடக்கலைஞர்கள் கல்லூரியிலிருந்து எடுத்து வருவது பெரும்பாலும் இதைத்தான்.

அதற்காக அங்கே எல்லாமே எஃகும் கண்ணாடியும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெஸ்கிடி மலையில் புஸ்தெவ்னி என்ற இடத்தில் லிபுஷீன் என்றொரு மரக்கட்டிடம் இருக்கிறது. 1899இல் துஷான் யுர்கோவிச் கட்டியது. நாட்டுப்புற மரவேலையும் அந்தக் காலத்து அலங்கார பாணியும் கலந்து, வர்ணம் தீட்டிய உணவுக்கூடம். 2014 மார்ச்சில் தீப்பிடித்துப் பெரும்பகுதி கருகிப்போனது. அதைப் பழைய முறையிலேயே, கையால் செதுக்கிய மரத்தில், அப்படியே திரும்பக் கட்டி 2020இல் திறந்துவிட்டார்கள். அதே நாடு, அதே சட்டம், ஹெல்ஃப்ஷ்டீன் முடிந்த அதே வருடம். ஆனாலும் முடிவு நேரெதிர். இங்கே மாதிரி எடுத்துக் கட்டுவது நியாயமானது. ஏனென்றால் முந்தைய சீரமைப்பில் எடுத்த அளவுகளும் வரைபடங்களும் படங்களும் கையில் இருந்தன. அந்த மரவேலை தெரிந்த தச்சர்களும் இருந்தார்கள். ஹெல்ஃப்ஷ்டீன் அரண்மனையின் பழைய கூரை எப்படி இருந்தது என்று யாரிடமும் அப்படிப்பட்ட ஆதாரம் கிடையாது. ஆதாரம் இருந்தால் திரும்பக் கட்டு, இல்லாவிட்டால் புதியதைப் புதியதாகவே வை. இந்த அளவுகோலை நான் முழுமனதாக ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை என்பதும் உண்மை.

இப்போது யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். நாட்டின் நினைவுச்சின்னச் சட்டம் 1987ஆம் ஆண்டின் 20ஆம் எண் சட்டம். கம்யூனிஸ்ட் காலத்தில் வந்தது. பலமுறை திருத்தப்பட்டு இன்னமும் ஓடுகிறது. அதன்படி உங்கள் கட்டிடம் பட்டியலில் இருந்தால், அந்த வட்டாரத்து நகராட்சி அலுவலகத்தின் நினைவுச்சின்னப் பிரிவு சரி என்று எழுத வேண்டும். அதற்கு முன் தேசிய நினைவுச்சின்ன நிறுவனத்தின் நிபுணர் கருத்து வாங்கியாக வேண்டும். கவனியுங்கள், நிபுணர் கருத்துச் சொல்வார், முடிவெடுப்பவர் நகராட்சி அலுவலர். நிபுணர் வேண்டாம் என்று எழுதியதை அலுவலகம் சரி என்று அனுமதித்துவிடலாம். நடக்கவும் நடக்கிறது. ஓவியம், சிற்பம், பழைய அலங்காரப் பூச்சு மாதிரி கலைவேலையில் கை வைக்க வேண்டுமானால், பண்பாட்டு அமைச்சகத்தின் உரிமம் பெற்ற சீரமைப்பாளர்தான் வைக்க வேண்டும். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுரண்டச் சொல்ல முடியாது.

ஆனால் என் அனுபவத்தில் சட்டத்தைவிடப் பெரிய விஷயம், கட்டிட வரலாற்று ஆய்வு என்று அங்கே வழக்கத்தில் இருக்கும் ஒரு வேலை. 1950களில் பழைய நகரங்களைச் சீரமைப்பதற்கென்று அரசு ஒரு நிறுவனம் வைத்தது. தோப்ரோஸ்லாவ் லீபல் போன்ற கலை வரலாற்றாசிரியர்கள் அங்கே உட்கார்ந்து ஊர் ஊராகக் கட்டிடங்களை ஆராய்ந்து எழுதினார்கள். அந்த முறைதான் இன்றுவரை தொடர்கிறது. ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடம் தேடுவது, நிலவறை முதல் கூரைக்கட்டு வரை ஒவ்வொரு சுவரையும் பார்ப்பது, கூரை மரத்தின் வளையங்களை எண்ணி அது எந்த வருடம் வெட்டிய மரம் என்று கண்டுபிடிப்பது, பூச்சில் சின்னச் சின்னச் சன்னல் வெட்டி அடுக்கடுக்காக வர்ணம் பார்ப்பது, எல்லாம் அதில் அடங்கும். கடைசியில் தரைப்படத்தில் ஒவ்வொரு சுவருக்கும் காலத்துக்கேற்ற நிறம் தீட்டித் தருவார்கள். இது இடைக்காலத்துக் கோதிக், இது அதற்குப் பிந்தைய பரோக், இது 1930களில் யாரோ வைத்த தடுப்பு என்று பார்த்தவுடன் தெரியும். வீட்டுக்காரர் "இதற்கு எதற்கு இவ்வளவு செலவு" என்று முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். அந்த நிறப்படம் மேசையில் விரிந்தபிறகுதான் வடிவமைப்பு ஆரம்பிக்க வேண்டும். எஃகா கண்ணாடியா என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு உதாரணம் மட்டும் என் வேலையிலிருந்து. பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் கடந்த நூற்றாண்டில் சிமெண்ட் பூசிய வீடுகள் அங்கே ஏராளம். வியர்க்கும் உடம்புக்கு ரெக்சின் சட்டை போட்ட மாதிரி, சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறும். உப்பும் கூடவே ஏறும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது செங்கலின் முகமே பெயர்ந்து வரும். இதற்கு மருந்து சிமெண்டைக் கழற்றி, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசுவது. கேட்க எளிது, சுவர் காய்வதற்கு மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். பொறுமைக்கு ஒப்பந்தத்தில் இடமில்லாதபோது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகையில் வரும் படங்களில் இந்தக் கதை எதுவும் தெரியாது.

தொழிற்சாலைகளுக்கு வருவோம், ஏனென்றால் செக் நாட்டின் துணிச்சலான வேலைகள் அங்கேதான் நடந்திருக்கின்றன. ஓஸ்த்ராவா நகரில் விட்கோவிட்செ இரும்பாலை 1828இல் தொடங்கி 1998 வரை ஓடியது. ஊர் நடுவிலேயே நிலக்கரி, அதைச் சுட்டுச் செய்யும் கோக் எரிபொருள், ஊதுலை எல்லாம் ஒரே வளாகத்தில். உலை அணைந்தபிறகு அதைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாமல் தேசியச் சின்னமாக்கினார்கள். அங்கே 1924இல் கட்டிய பிரம்மாண்டமான எரிவாயுக் கலம் ஒன்று இருந்தது. உள்ளே வாயு சேரச் சேர அதன் மூடி மணி மாதிரி மேலே எழும், வாயு குறையக் குறைய இறங்கும். அதை அரங்கமாக்கும் வேலை கட்டிடக்கலைஞர் யோசெஃப் பிளெஸ்கோட்டிடம் வந்தது. அவர் செய்தது இதுதான்: கலத்தின் பழைய சூட்சுமத்தையே பயன்படுத்தி, காற்றை அழுத்தி அந்த மூடியைக் கடைசியாக ஒருமுறை மேலே எழுப்பி, அந்த உயரத்திலேயே நிறுத்தி, அடியில் ஏறக்குறைய 1500 பேர் உட்காரும் அரங்கத்தைக் கட்டினார். 2012இல் திறந்தது. பெயர் கோங். மூடியைத் தூக்கி எறியவில்லை. அது செய்யத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்ய வைத்திருக்கிறார். இதைவிட நல்ல மறுபயன்பாட்டை நான் அந்த நாட்டில் பார்த்ததில்லை. பக்கத்து ஊதுலையின் தலையில் பிறகு ஏற்றி வைத்த கண்ணாடிக் கோபுரம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் ஊர் ஜனங்கள் அதன் உச்சியில் காபி குடிக்கப் போகிறார்கள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

அதே ஊரில் பழைய கசாப்புக்கூடம் ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் செங்கல் கட்டிடம், இடிந்து விழும் நிலையில் இருந்தது. 2016இல் நகராட்சி அதை வாங்கியது. போட்டி வைத்ததில் போலந்துக்காரரான ராபர்ட் கொனியேச்னியின் அலுவலகம் ஜெயித்தது. 2022இல் அது பிளாட்டோ என்ற கலைக்கூடமாகத் திறந்தது. சுவர்களில் காலப்போக்கில் உடைத்த பெரிய ஓட்டைகள் இருந்தன. அவற்றைச் செங்கல் வைத்து மூடியிருக்கலாம், கண்ணாடி போட்டிருக்கலாம். அவர் கான்கிரீட்டில் சுவர்த்துண்டுகள் செய்து, செங்கல் அலங்காரத்தின் வடிவை அதில் அப்படியே தொடரவிட்டு, அந்தத் துண்டுகள் முழுசாகச் சுழலும்படி வைத்துவிட்டார். சுழற்றினால் காட்சிக்கூடம் நேராகத் தெருவோடு சேர்ந்துவிடும். செங்கலில் படிந்த கரியையும் கழுவவில்லை. நிலக்கரி நகரத்தின் கரி அது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டிடக்கலை விருதான மீஸ் வான் டெர் ரோ விருதுக்கு 2024இல் கடைசிச் சுற்று வரை வந்த ஐந்து கட்டிடங்களில் இதுவும் ஒன்று.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இது உறுதியான கருத்து அல்ல, ஊகம்தான். அசையும் பாகங்கள் அதிகம் உள்ள கட்டிடம் முதல் பத்து வருடம் நன்றாக இருக்கும். அப்புறம் மோட்டாரும் தாங்கியும் தேயும். அன்றைக்கு நகராட்சி பட்ஜெட்டில் பராமரிப்புக்குப் பணம் இருந்தால் சுவர் சுழலும், இல்லையென்றால் அது வெறும் கான்கிரீட் அடைப்பாக நின்றுவிடும். பிராகில் வல்தவா ஆற்றங்கரையில் பேட்ர் ஜாண்டா செய்த வேலைக்கும் இதையே சொல்வேன். பழைய கரைச்சுவருக்குள் இருந்த, ஒரு காலத்தில் பனிக்கட்டி சேமித்த நிலவறைகளைக் காபிக் கடை, பட்டறை, கழிப்பறை என்று மாற்றி 2019இல் திறந்தார்கள். சிலவற்றின் வாசலில் 5 மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள வட்டக் கண்ணாடி, சாய்ந்த அச்சில் திரும்பித் திறக்கும். அழகுதான், மறுக்கவில்லை. உள்ளே மரமோ பூச்சோ இல்லாமல் கான்கிரீட்டும் இரும்புமாக விட்டிருக்கிறார்கள். ஆற்று வெள்ளம் ஏறினாலும் கழுவிவிட்டு மறுபடி திறக்கலாம். அந்த யோசனைதான் வட்டக் கண்ணாடியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பெரிய பெயர் எதுவும் இல்லாத ஒரு வேலையையும் பார்த்துவிடுங்கள். போலந்து எல்லையோரம் நெராதோவ் என்ற குக்கிராமத்தில் 18ஆம் நூற்றாண்டு மாதாகோவில் ஒன்று. 1945இல் போர் முடியும் நாட்களில் சோவியத் சிப்பாய் ஒருவர் சுட்ட குண்டில் கூரை எரிந்துபோனது. போருக்குப் பிறகு ஊரின் ஜெர்மன் மக்களும் வெளியேற்றப்பட, கோவில் வானம் பார்த்தபடி கிடந்தது. மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து வாழும் ஒரு சமூகம் பிறகு அங்கே குடியேறி, அதன்மேல் கண்ணாடிக் கூரை போட்டது. உள்ளே சுவர் இன்னும் தழும்போடுதான் இருக்கிறது, பூசையும் நடக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் சுவரும் கூரையும். உங்கள் மூன்றாம் கேள்வி உள்புறம் பற்றியது. என் கருத்து இது: செக்காரர்கள் சுவரைக் காப்பாற்றுவதில் கெட்டிக்காரர்கள், அறையைக் காப்பாற்றுவதில் அப்படி இல்லை. விதிவிலக்கை முதலில் சொல்கிறேன். ப்ர்னோவில் இருக்கும் டூகன்தாட் வில்லா, மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1930இல் முடிந்த வீடு. 2001 முதல் யுனெஸ்கோ பட்டியலில். வீட்டுக்காரர்களான யூதக் குடும்பம் 1938இல் நாட்டைவிட்டுப் போனார்கள். வீட்டை நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். பிறகு சோவியத் படை, நடனப்பள்ளி, குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சைக் கூடம் என்று பல கை மாறியது. 1992இல் செக்கோஸ்லோவாக்கியாவைப் பிரிக்கும் பேச்சுவார்த்தையின் ஒரு சுற்றும் அங்கேதான் நடந்தது. வரவேற்புக்கூடத்தில் மொராக்கோ ஓனிக்ஸ் கல் சுவர் மட்டும் பிழைத்தது. சாப்பாட்டு மேசையைச் சுற்றி அரைவட்டமாக நின்ற மக்காசர் கருங்காலிப் பலகைச் சுவர் காணாமலே போய்விட்டது. 2010 முதல் 2012 வரை நடந்த சீரமைப்பின்போது மிரோஸ்லாவ் அம்ப்ரோஸ் என்ற கலை வரலாற்றாசிரியர் அந்தப் பலகைகளைக் கண்டுபிடித்தார். எங்கே? அதே ஊரின் சட்டக் கல்லூரி உணவகத்துச் சுவரில். அந்தக் கட்டிடம் போர்க்காலத்தில் நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டாப்போவின் தலைமையகமாக இருந்தது. மாணவர்கள் எத்தனையோ வருடமாக அந்தக் கருங்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். பலகைகள் திரும்பிப் போய்ப் பழைய இடத்தில் நிற்கின்றன.

அந்தச் சீரமைப்பில் நீங்கள் படிக்க வேண்டியது அந்தத் துப்பறியும் கதையைவிட, பூச்சு பற்றிய வேலை. பல நாட்டுச் சீரமைப்பாளர்கள் வந்து, பிற்காலப் பூச்சுகளுக்கு அடியில் 1930ஆம் ஆண்டின் மேற்பரப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தேடினார்கள். வெள்ளை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த நவீனப் பாணி வீட்டின் சுவர் வெறும் வெள்ளை அல்ல என்று அப்போது தெரிந்தது. மணலின் நிறம் கலந்த மங்கலான ஒரு வெளுப்பு. நேரில் நின்று பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். பில்சன் நகரில் கட்டிடக்கலைஞர் அடோல்ஃப் லோஸ் செய்த குடியிருப்பு உள்புறங்களுக்கும் இதே கவனம் கிடைத்திருக்கிறது. பளிங்கு, பலகை, கண்ணாடி எல்லாம் சேர்ந்த அந்த அறைகளின் சொந்தக்காரர்களும் யூதர்கள்தான். போருக்குப் பின் சில அறைகள் அலுவலகங்களாகக் கிடந்து, இப்போது ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

ஆனால் 1970களின் அறைகளுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. கார்லோவி வாரியில் தெர்மல் ஹோட்டல், வேரா, விளாதிமீர் மாகோனின் தம்பதியர் வடிவமைத்தது. திரைப்பட விழா நடக்கும் இடம் என்பதால் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கட்டிடத்துக்கென்றே செய்த நாற்காலி, விளக்கு, தரைவிரிப்பு என்று முழுசாக ஒரே கை செய்த உள்புறம். அரசுக்குச் சொந்தமான ஹோட்டல்தான், ஆனாலும் அண்மைய புதுப்பித்தலில் அதில் பெரும்பகுதி போய்விட்டது. வடிவமைத்தவர்களின் மகள் உட்படப் பலர் எதிர்த்துப் போராடியும் பயனில்லை. பிராகில், எரிவாயுக் குழாய் நிர்வாகத்துக்காக அதே காலத்தில் கட்டிய டிரான்ஸ்காஸ் கட்டிடம் 2019இல் இடித்தே போடப்பட்டது. 1975இல் திறந்த மாய் பல்பொருள் அங்காடிக்குப் பாதுகாப்புப் பட்டியலில் இடம் இருந்தது. 2024இல் புதுப்பித்துத் திறந்தபோது, அதன் முகப்பில் சிற்பி தாவித் செர்னி பட்டாம்பூச்சிச் சிறகு வைத்த இரண்டு போர் விமானங்களை மாட்டினார். ஊர் இரண்டுபட்டது. எனக்கு அது கட்டிடத்தின் முகத்தில் ஒட்டிய ஸ்டிக்கர். ரசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்படி ஆவதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. சட்டம் அசையும் பொருளையும் அசையாப் பொருளையும் தனித்தனியாகப் பார்க்கிறது. கட்டிடம் பட்டியலில் இருந்தாலும், அதன் நாற்காலியும் தொங்குவிளக்கும் தனியாகப் பட்டியலிடப்படாவிட்டால் அவற்றைக் குப்பைவண்டியில் ஏற்றத் தடையில்லை. திருகாணி போட்டு மாட்டிய பலகை அசையும் பொருளா, அசையாததா என்று வாதம் நடக்கும். அந்த வாதம் முடிவதற்குள் பலகை போயிருக்கும். கம்யூனிஸ்ட் காலத்தது என்பதால் வரும் வெறுப்பு இன்னொரு காரணம். அந்த வெறுப்பை வெளியிலிருந்து வந்த நான் எடைபோட முடியாது. அதற்குள் வாழ்ந்தவர்களுக்கு அந்த அறைகள் வேறு விஷயங்களை ஞாபகப்படுத்தும்.

புதிய உள்புறங்களில் நான் மதிப்பது எதை என்றும் சொல்லிவிடுகிறேன். சோதோவிட்செ என்ற ஊரின் பழைய தேவாலயத்தில், பேண்டன் எனப்படும் வளைந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில் சிலுவை வடிவில் வெட்டி வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். மாக்ஸிம் வெல்சோவ்ஸ்கியும் யாகுப் பெர்டிக்கும் செய்தது. கேட்டால் விளையாட்டாகத் தோன்றும், பார்த்தால் தோன்றாது. நாற்காலியை எடுத்துவிட்டால் அந்த இடம் பழையபடி இருக்கும். ஓரா என்ற சிறிய அலுவலகம் யெவீச்கோ ஊரில் ஓர் இடிந்த வீட்டை இடிக்கவும் இல்லை, சரிசெய்யவும் இல்லை. அதற்குள்ளேயே புதுச் செங்கல் வீடு ஒன்றைக் கட்டியது. புது ஜன்னல்கள் பழைய திறப்புகளோடு ஒத்துப்போகாது. அறையில் உட்கார்ந்தால் ஒரு ஜன்னலுக்கு அப்பால் இன்னொரு சுவரின் உடைந்த விளிம்பு தெரியும். ஸ்லீனில் பழைய பாட்டா காலணித் தொழிற்சாலைக் கட்டிடங்கள் இரண்டை 2013இல் நூலகமும் அருங்காட்சியகமுமாக மாற்றினார்கள். 6.15 மீட்டருக்கு ஒரு தூண் என்ற அந்தத் தொழிற்சாலைக் கட்டத்தை மாற்றாமல், புதிய பயன்பாட்டையே அதற்குள் அடக்கினார்கள். கல்கத்தா பக்கத்து பாட்டாநகர் இந்த ஊரின் பிள்ளைதான், போயிருந்தால் உடனே அடையாளம் தெரியும்.

ஆகவே படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆய்வில் என்ன கிடைத்தது, எதை அகற்றினார்கள், அகற்றியது எங்கே போனது, மழைத்தண்ணீர் எங்கே போகிறது, இதை யார் பராமரிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஹெல்ஃப்ஷ்டீனுக்கு இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல பதில் உண்டு. அதனால்தான் அதைக் கெடுத்து வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். கோர்டென் எஃகைப் பார்த்துவிட்டு அதைப் பாணியாக எடுத்து ஒட்டிய வேலைகளும் அதே நாட்டில் உண்டு. அவற்றை ஒரு மழைக்காலம் கழித்துப் போய்ப் பாருங்கள்.

நேரில் போக வாய்ப்பு வந்தால் பிராகை விட்டுக் கிழக்கே போங்கள். ஓஸ்த்ராவாவில் கோங், பிளாட்டோ இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். வழியில் ஓலோமோட்ஸில் இறங்கி உயர்மறைமாவட்ட அருங்காட்சியகத்தைக் கட்டாயம் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டு ஆயர் மாளிகையின் ஜன்னல் வரிசையைச் சுற்றி மூன்று கட்டிடக்கலைஞர்கள் 2006இல் கான்கிரீட்டையும் எஃகையும் எவ்வளவு அடக்கமாக வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அங்கிருந்து ஹெல்ஃப்ஷ்டீன் அதிக தூரமில்லை. டூகன்தாட் வில்லாவுக்கு மட்டும் சில மாதம் முன்னாலேயே இணையத்தில் சீட்டு எடுத்துவிடுங்கள், வாசலில் போய் நின்றால் பெரும்பாலும் கிடைக்காது.